மூளையையும் மனத்தையும் ஆராயப் புறப்படுகிறவர்களுக்கு: பள்ளியிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் என் கைப்பேசி வழக்கத்தைவிட அதிகமாக ஒலிக்கும். “என் பெண் சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?” என்று கேட்கும் தந்தையிடம், கல்லூரியின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். மனம் நலிந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்க அவள் விரும்புகிறாளா, மனமும் மூளையும் எப்படி இயங்குகின்றன என்று கண்டுபிடிக்க விரும்புகிறாளா? மறுமுனையில் பெரும்பாலும் சற்று நேரம் பேச்சே இருக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்து, முதுகலை இரண்டாம் ஆண்டில்தான் வேறுபாட்டை உணர்ந்த மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். உளவியல் இளங்கலையில் தொடங்கி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி ஆய்வு வேலைக்கு வந்து சேர்ந்த பாதையில் இரண்டு ஆண்டுகளையாவது, யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சப்படுத்தியிருப்பேன். கீழே வருவது முதன்மையாக ஆய்வுப் பாதைக்கான வழிகாட்டி. சிகிச்சைப் பாதையைத் தொடக்கத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

முதல் படி: சிகிச்சையா, ஆய்வா என்று முடிவு செய்யுங்கள்

மூளையையும் மனத்தையும் சுற்றி நான்கு தொழில்கள் இருக்கின்றன. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மூன்றாண்டு எம்.டி. படித்தவர், மருந்து எழுதித் தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. நரம்பியல் மருத்துவர் எம்.டி.க்கும் மேல் டி.எம். என்ற மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பை முடித்து, வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நோய்களைப் பார்ப்பவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. சோதனைகள் வழியே மதிப்பிடுவதும் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பதும் அவர் பணி, அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். நான்காமவரான ஆய்வாளர் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் பணிக்காலத்தைக் கழித்துவிடலாம். எலியின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியோ, கல்லூரி மாணவர்கள் ஒரு பொத்தானை அழுத்த எடுக்கும் நேரமோ, வேறு யாரோ சேகரித்துப் பொதுவில் வைத்த தரவோ அவருடைய உலகமாக இருக்கும். அவருக்கு வேண்டிய தகுதி பிஎச்.டி.

மருத்துவ உளவியலாளர் ஆக விரும்புகிறவர்கள் இப்போது கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். முதுகலைக்குப் பின் மன்றம் அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். என்பதுதான் நெடுங்காலமாக இருந்த வழி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தச் சொன்ன பிறகு, மருத்துவ உளவியலுக்கு மட்டும் சில ஆண்டுகள் கால நீட்டிப்பு தரப்பட்டது. அதன் இடத்துக்குப் புதிய பட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்த மாற்றக் காலத்தில் கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பாமல், மன்றத்தின் இணையதளத்திலுள்ள பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரையும் அந்த நிறுவனத்தின் பெயரையும் நேரடியாகத் தேடிப் பாருங்கள். உளவியலை அஞ்சல் வழியிலோ இணையவழியிலோ படித்துவிடலாம் என்ற கணக்கும் இனிச் செல்லாது. 2025 ஜூலையில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து உளவியல் உள்ளிட்ட நலவாழ்வுத் துறைப் படிப்புகளில் அந்த வழியில் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டுப் பெயருக்கு முன்னால் பலகை மாட்டிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

இரண்டாம் படி: எந்தக் கதவு வழியாக நுழைவது

மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நரம்பறிவியலுக்கு என்று ஒற்றை நுழைவாயில் கிடையாது. மூளைக்குள் இடத்தை உணர்த்தும் உயிரணுக்களைக் கண்டறிந்ததற்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜான் ஓகீஃப் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மற்ற இருவரான மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர்கள். நினைவு எப்படி உருவாகிறது என்று கடல் நத்தையில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு நோபல் பெற்ற எரிக் காண்டெல், கல்லூரியில் வரலாறும் இலக்கியமும் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பது ஏன் என்று ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு ஆராய்ந்த வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்துக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர். ஆகவே “பயோ-மேத்ஸ் எடுக்கவில்லை, எல்லாம் போயிற்று” என்று அழுகிற மாணவருக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கடன் உண்டு. உளவியல் இளங்கலையை முடித்து வருகிறவருக்குச் சோதனை வடிவமைப்பு கைவந்திருக்கும், கணிதமும் உயிரணு உயிரியலும் தகராறு செய்யும். உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்தவருக்கு, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் சினாப்ஸ் என்றால் என்னவென்று தெரியும். மனிதர்களை வைத்துச் சோதனை செய்தால் அவர்கள் நீங்கள் எதிர்பார்ப்பதை ஊகித்து அப்படியே நடந்துகொள்வார்கள் என்பது தெரியாது. மின்னணுவியல், கணினிப் பொறியியல் படித்தவர்கள் மின் சமிக்ஞைகளைப் பகுத்தாய்வதில் கெட்டிக்காரர்கள்; அவர்கள் கற்க வேண்டியது, தரவு கையில் வந்தவுடன் கணித மாதிரியைப் பொருத்திப் பார்க்காமல் கேள்வி என்ன என்று முதலில் எழுதிவைக்கும் பொறுமை. நீங்கள் எந்தக் கதவில் நிற்கிறீர்களோ, அதற்குரிய கடனை இளங்கலை முடிவதற்குள் அடைத்துவிடுங்கள். முதுகலையில் அதற்கு நேரம் கிடைக்காது.

கணிதப் பின்னணி உள்ள பள்ளி மாணவர்கள், ஐஐஎஸ்இஆர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பையும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நான்காண்டு ஆய்வு இளங்கலையையும் அவசியம் பரிசீலிக்க வேண்டும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐஐஎஸ்இஆர் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவுதான். இத்தகைய இடங்களில் முதல் ஆண்டு முடிந்த கோடையிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார முடியும் என்பதே அவற்றின் பெரிய பலன். அது கிடைக்காதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. அந்தக் கோடையை உங்களுக்கு நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கதவுக்காரர்களுக்கும் பொதுவானவை மூன்று: புள்ளியியல், நிரலாக்கம், தெளிவாக எழுதும் பழக்கம். நிரலாக்கத்தில் பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது சிறந்தது என்று விவாதிக்கும் நேரத்தில் ஒன்றைக் கற்றுவிடலாம்.

மூன்றாம் படி: ஒரு சிறிய சோதனையை முழுவதுமாக நீங்களே செய்து முடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பத்து இணையவழிச் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருக்கும் விண்ணப்பத்தைவிட, கேள்வி முதல் அறிக்கை வரை ஒரு சோதனையை முடித்த மாணவரின் இரண்டு பக்கக் குறிப்பு எந்தப் பேராசிரியரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையைத் தமிழில் செய்து பார்க்கலாம். “பச்சை” என்ற சொல் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. பங்கேற்பாளர் சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்துக்கு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். சொல்லும் நிறமும் பொருந்தும்போதைவிட, முரண்படும்போது கை தயங்கும். அந்தத் தயக்கம் எத்தனை மில்லிவிநாடி என்பதே நீங்கள் அளக்கும் அளவு.

இப்போது வேலையில் இறங்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு நிறங்கள். நீலமும் பச்சையும் மூன்றெழுத்துச் சொற்கள், மஞ்சளும் சிவப்பும் நான்கெழுத்துச் சொற்கள் என்பதைக் கவனித்தீர்களா? நீளமான சொல்லைப் படிக்கக் கூடுதல் நேரமாகலாம்; ஆகவே எந்தச் சொல்லும் ஒரு நிலையில் மட்டும் அதிகமாக வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு சொல்லுக்கும் நான்கு நிறத்துக்கும் பதினாறு இணைகள் கிடைக்கின்றன. அவற்றில் பொருந்துபவை நான்கு, முரண்படுபவை பன்னிரண்டு. பொருந்தும் ஒவ்வோர் இணையையும் ஆறு முறையும், முரண்படும் ஒவ்வொன்றையும் இரண்டு முறையும் காட்டினால் இரண்டு பக்கமும் இருபத்து நான்கு என்று சமன் ஆகிவிடும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு முறை வரும். மொத்தம் நாற்பத்தெட்டு முயற்சிகள், வரிசையைக் கணினி கலைத்துப் போடட்டும்.

இதைச் செய்ய சைக்கோபை என்ற இலவச மென்பொருள் போதும். தமிழ் எழுத்துகள் சில கணினிகளில் சிதைந்து, “சை” என்பதன் இணைக்கொம்பு இடம் மாறி நிற்கும். அதோடு மல்லுக்கட்டி ஒரு வாரத்தை வீணாக்காமல் சொற்களைப் படக் கோப்புகளாகச் சேமித்துக் காட்டிவிடுங்கள். ஒருவரைக்கூட அழைப்பதற்கு முன், 200 மில்லிவிநாடிக்குக் குறைவான பதில்களை நீக்குவேன், தவறான பதில்களைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், இத்தனை பேரோடு நிறுத்துவேன் என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். ஆய்வுலகில் இதற்கு முன்பதிவு என்று பெயர். ரயில் பயணச்சீட்டுக்குச் செய்வதைப் போலவேதான் இதுவும்: பிறகு வந்து ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட முடியாது.

நண்பர்கள் முப்பது பேரிடம் இதைச் செய்து முடிக்கும்போது எதிர்பாராத ஒன்று நிகழும். உங்களுக்கே புதிய கேள்விகள் எழும். ஆங்கில வழியில் படித்து, தமிழைத் தட்டித் தடவிப் படிக்கிற நண்பருக்குத் தயக்கம் குறைவாக இருக்கிறதே, ஏன்? சொல் தானாகப் படிக்கப்பட்டால்தானே அது நிறத்தோடு மோதும்? அப்படியானால் இந்தச் சோதனையைக் கொண்டு தமிழ் வாசிப்பின் சரளத்தை அளக்க முடியுமா? இந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் ஆய்வு செய்யத் தொடங்கிவிட்டீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சிக்காக நண்பர்களோடு செய்வது வேறு, வெளியிடுவதற்காகச் செய்வது வேறு. இரண்டாவதற்கு, தரவு திரட்டத் தொடங்கும் முன்னரே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பின்தேதியிட்டு வாங்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். பள்ளி மாணவர்களை வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தையின் இசைவும் தேவை என்பது அதில் விரிவாக இருக்கிறது.

நான்காம் படி: புள்ளியியலை அச்சத்தோடு அல்ல, சந்தேகத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்

கற்கிற வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன்: தரவின் பரவலும் சராசரியின் துல்லியத்தைக் காட்டும் நியமப் பிழையும், பிறகு விளைவின் அளவு, பிறகு எத்தனை பேர் வேண்டும் என்று மாதிரியின் அளவைத் தீர்மானிக்கும் முறை, அதன் பிறகே பி மதிப்பு, அதாவது உண்மையில் விளைவு எதுவும் இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு. பெரும்பாலான கல்லூரிப் பாடத்திட்டங்கள் இதைத் தலைகீழாக நடத்துகின்றன. ஏன் இந்த வரிசை என்பதற்கு, இந்தத் துறை பட்ட அடிகளே விளக்கம்.

2009இல் கிரேக் பென்னெட் என்ற ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும், செத்த சால்மன் மீன் ஒன்றை, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் காட்டி, அந்தப் படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். படத்தின் பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதித்துவிட்டு, தற்செயலாகச் சில தேறிவிடுவதைத் தடுக்கும் ‘பல ஒப்பீடுகளுக்கான திருத்த’த்தைச் செய்யாமல் விட்டபோது, மீனின் மூளையில் சில புள்ளிகள் “இயங்குவதாக”த் தெரிந்தன. திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. விளையாட்டுபோலத் தோன்றும் இந்தச் சோதனை, அப்போது அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பலரைத் தலைகுனிய வைத்தது. 2015இல் வெளியான இன்னொரு பணி நேரடியாக உளவியலின் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தது. முன்னணி இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மீண்டும் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருந்தன. மறுஆய்வில் அவ்வாறு காட்டியவை 36 விழுக்காடு மட்டுமே.

புதியவர்களிடம் இதைச் சொன்னால், “அப்படியானால் பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் பொய்யா?” என்று கேட்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் சிறிய மாதிரியில் கிடைத்த பெரிய விளைவைப் பார்த்ததும் வியப்புக்கு முன் ஐயம் வர வேண்டும். ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாதீர்கள். வரைபடங்களைப் பாருங்கள், எத்தனை பேர் என்று பாருங்கள், எத்தனை பேரை நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு கட்டுரையை இவ்வாறு படித்து அரைப் பக்கம் எழுதிவந்தால் ஆண்டு முடிவில் ஐம்பது அரைப் பக்கங்கள் சேரும். நேர்காணலுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

கருவிகள் இல்லையே என்ற ஏக்கமும் இப்போது பெரிதாகத் தேவையில்லை. ஓப்பன்நியூரோ தளத்தில் மூளைப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பகுத்தாயும் எம்என்இ போன்ற மென்பொருள்களும் இலவசம். நியூரோமேட்ச் அகாடமி 2020இலிருந்து கோடைக்காலங்களில் இணையவழியில் கணினிசார் நரம்பறிவியலைச் சிறு குழுக்களாகக் கற்பிக்கிறது. அதன் பாடக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஆய்வுக்கூடத்துக்குள் நுழையுங்கள்

கோடைப் பயிற்சிக்கு இரண்டு வழிகள். ஒன்று, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம். இதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும். மார்ச் மாதத்தில் விழித்துக்கொள்கிறவர்களுக்குப் பயனில்லை. மற்றொன்று, பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவது.

அந்த மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு ஒரே நகலாக அனுப்பாதீர்கள். “மதிப்புக்குரிய ஐயா/அம்மா” என்று சாய்கோட்டோடு தொடங்கும் கடிதம், தான் அச்சடித்த நோட்டீஸ் என்பதைத் தானே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நான்கு பத்தி போதும். நீங்கள் யார், எந்த ஆண்டு. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், அதற்குச் சான்றாக மேலே சொன்ன சிறு சோதனையின் இணைப்பு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்; அவர் உங்களை வெறுக்கவில்லை, மானிய அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஈஈஜி ஆய்வுக்கூடத்தின் ஒரு காலையைப் பாருங்கள். பங்கேற்பாளருக்கு முந்தைய நாளே சொல்லியிருப்பீர்கள்: “ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள்.” அவர் தேங்காய் எண்ணெய் மணக்க, பின்னலில் பூவோடு வந்து நிற்பார், ஏனென்றால் அம்மா விடவில்லை. எண்ணெய் இருந்தால், தலையில் அணிவிக்கும் தொப்பியிலுள்ள மின்வாய்க்கும் (எலெக்ட்ரோடு) தோலுக்கும் இடையே மின்தடை ஏறும். ஆகவே முதல் அரை மணி நேரம் தலை கழுவி உலர்த்துவதில் போகும். பிறகு அளவு நாடாவை எடுத்து, மூக்கின் வேரிலுள்ள பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் முட்டு வரை அளந்து நடுப்புள்ளியைக் குறிப்பீர்கள். தொப்பியின் மைய மின்வாய் அங்கேதான் உட்கார வேண்டும். ஒவ்வொரு மின்வாயின் துளையிலும் மழுங்கிய ஊசியால் முடியை விலக்கிப் பசையை இட்டு, திரையில் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை பொறுமையாகச் சுழற்றிக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் தயாரானதும் கண்ணை மூடச் சொல்வீர்கள். தலையின் பின்புற மின்வாய்களில், விநாடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் ஒழுங்கான அலை திரையில் பரவும். ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்த ஆல்ஃபா அலை அது. முதல் முறை அதை நேரில் பார்த்த நாளில் நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

அதே ஆர்வத்தில்தான் பெரிய தவறையும் செய்தேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டுப் பேரிடம் பதிவை முடித்த பிறகே கோப்புகளைத் திறந்தேன். எந்தக் கணத்தில் எந்தப் படம் காட்டப்பட்டது என்று சோதனைக் கணினி, பதிவுக் கணினிக்கு அனுப்ப வேண்டிய குறிகள், ஏழாவது நபரிலிருந்து ஒன்றுகூட விழவில்லை. இடையில் யாரோ மேசையை நகர்த்தியபோது ஒரு கம்பி தளர்ந்திருந்தது. குறி இல்லாத ஈஈஜி என்பது தேதியில்லாத நாட்குறிப்பு. இரண்டு மாத உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்குப் போயிற்று. மேசையை நகர்த்தியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் அன்றன்றே கோப்பைத் திறந்து பார்க்காதவன் நான். ஆகவே ஒரு நபரிடம் பதிவு செய்து, அந்த ஒருவரின் தரவை இறுதி வரைபடம் வரை கொண்டுபோய்ப் பார்த்த பிறகே இரண்டாமவரை அழையுங்கள். அதன் பின்னரும் ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் அன்றைய கோப்பில் குறிகளை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறாம் படி: முதுகலையும் நுழைவுத் தேர்வுகளும்

இங்கே தகவல்கள் ஆண்டுதோறும் மாறுவதால், நிறுவனங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். தேதிகளை அந்தந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹரியானாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நரம்பறிவியலுக்கென்றே அமைந்த நிறுவனம் அது. பெங்களூரில் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது; நோயாளிகளோடு தொடர்புடைய ஆய்வுக்கு நாட்டிலேயே அதற்கு இணை குறைவு, இறந்தோரின் மூளைத் திசுக்களைப் பாதுகாக்கும் வங்கியும் அங்கு உண்டு. அதே ஊரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பறிவியல் மையமும், தேசிய உயிரியல் மையமான என்சிபிஎஸ்ஸும் உள்ளன. உளவியல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அறிதிறன் அறிவியல் முதுகலை நல்ல பாலம்: காந்திநகர் ஐஐடி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதிறன் அறிவியல் மையம் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. சென்னையில், ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி உயிரணு அளவில் படமெடுக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வரைபடத்தை ‘தரணி’ என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. மனச்சிதைவு பற்றிய ஆய்வில் ஈடுபட விரும்புகிறவர்கள், டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பை அறிந்துவைத்திருக்க வேண்டும்.

தேர்வுகளில் உளவியல் மாணவர்களுக்கு உரியவை யுஜிசி நெட் உளவியல் தாளும், கேட் தேர்வின் மானுடக் கலைகள்-சமூக அறிவியல் தாளிலுள்ள உளவியல் பிரிவும். உயிரியல் மாணவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் ஜீபில்ஸ் தேர்வும் முக்கியமானவை; பின்னதன் மதிப்பெண்ணைப் பல ஆய்வு நிறுவனங்கள் ஏற்கின்றன. நான்காண்டு இளங்கலையை 75 விழுக்காட்டோடு முடித்தவர்கள் முதுகலை இல்லாமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டின் விதிமுறை அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு, எதைப் பிடிக்கவில்லை என்பதைக் குறைந்த செலவில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏழாம் படி: உங்கள் கேள்வியைத் தேடுங்கள், தமிழிலும் தேடுங்கள்

ஆங்கில நூல்களில் படித்து வளர்ந்ததால், ஏற்கெனவே மேலை நாட்டில் கேட்கப்பட்ட கேள்வியை “இந்திய மாணவர்களிடையே” என்ற ஒட்டோடு திரும்பக் கேட்பதே ஆய்வு என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நம் கையில் இருக்கும் பொருளை நாம் பார்ப்பதில்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் ஒரு மொழியில், குழந்தை படிக்கக் கற்கும்போது இரண்டையும் எப்படி இணைக்கிறது? உயிர்மெய் எழுத்தில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான கொம்பு முன்னால் நிற்பதைக் குழந்தையின் கண் எப்படிக் கையாள்கிறது? இவை உலகத்தரமான கேள்விகள்.

மருத்துவப் பக்கமும் அப்படியே. மனநல வினாத்தாள்களின் தமிழாக்கங்கள் சிலவற்றில் “நான் மனச்சோர்வாக உணர்கிறேன்” என்பது போன்ற வாக்கியங்கள் இருக்கின்றன. அப்படி யார் பேசுகிறார்கள்? “மனசே சரியில்லை”, “நெஞ்சு படபடங்குது”, “ஒண்ணும் ஓடல” என்றுதான் புறநோயாளிப் பிரிவில் கேட்கும். உடம்பின் மொழியில் சொல்லப்படும் துயரத்தை மனத்தின் மொழியில் கேட்கும் வினாத்தாள் தவறவிடும். முறையாகச் செய்ய விரும்பினால், இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடட்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும், பிறகு பத்துப் பேரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, “இதில் என்ன கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு சுற்றில், “அடிக்கடி” என்பதும் “பெரும்பாலும்” என்பதும் ஒன்றுதானே தம்பி என்று ஒரு பாட்டி சொன்னார். எங்கள் ஐந்து படி அளவுகோல் அந்த இடத்திலேயே நான்கு படியாயிற்று.

எட்டாம் படி: பிஎச்.டி.

இந்தியாவில் நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பணம் மாதந்தோறும் தவறாமல் வந்துவிடும் என்று நம்பி வங்கிக் கடன் தவணையைத் தொடங்காதீர்கள். சில மாதத்துத் தொகை சேர்ந்து வருவதும் வழக்கம். அமெரிக்காவில் இளங்கலை முடித்ததும் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும், நரம்பறிவியலில் பெரும்பாலான இடங்களில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. விண்ணப்பக் கெடு பொதுவாக டிசம்பர். ஐரோப்பாவில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும், காலம் மூன்று நான்கு ஆண்டுகள். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. கல்விக் கடன் வாங்கி வெளிநாட்டில் பிஎச்.டி. செய்யும் திட்டம் எதுவானாலும் அதை மறுபடி ஒரு முறை யோசியுங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்ல மாட்டார்கள். இடம் உறுதியாகி, கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரையும், அங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறிய ஒருவரையும், முடிந்தால் பாதியில் விலகிய ஒருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். நெறியாளர் எப்படி என்று கேட்டால் “நல்ல மனிதர்” என்ற பதில்தான் கிடைக்கும். கடைசியாக உங்கள் வரைவைத் திருத்தித் தர அவருக்கு எத்தனை நாளாயிற்று, சோதனை தோற்றபோது கூட்டத்தில் என்ன சொன்னார், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதை எப்போது முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். பதிலைவிட, பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வினை நேரத்தை அளப்பதைத்தான் மூன்றாம் படியிலேயே கற்றுவிட்டீர்களே.